94-லேயே நின்ற வேகம்: வீட்டு வைஃபையை மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மாடியறை:

கீழே கூடத்தில் ரவுட்டர், மேலே கடைசி அறையில் என் அலுவலக மேசை. பழைய ரவுட்டரைத் தூக்கிவிட்டு வைஃபை 6 மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தருவது) இரண்டு பெட்டி வாங்கினேன், இரண்டையும் கேபிளால்தான் இணைத்தேன். இணைப்பு 500 எம்பிபிஎஸ், அப்லோடு 50. கீழே 480 காட்டுகிறது. மேலே 94. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. பெட்டியைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன், வைஃபை ஓடும் சேனலை (அலைவரிசையை) மாற்றினேன், இணைப்பு கொடுத்தவர்களோடு மூன்று தடவை சண்டை போட்டேன். பார்க்க வந்தவர் "சுவர் கெட்டி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுவர் தடுத்தால் எண் ஏறி இறங்கும், இப்படி ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்காது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி கேபிள் முனையைக் கழற்றி, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்குக்குள் எட்டுக் கம்பியும் வரிசையாகத் தெரியும் இல்லையா, ஏழு கம்பி நுனிவரை போய் முட்டி நிற்கிறது, ஓரத்தில் இருக்கும் பழுப்புக் கம்பி மட்டும் அரை நெல்மணி அளவு உள்ளே தள்ளி நிற்கிறது. தங்க நிறப் பல் அதன்மேல் இறங்கவே இல்லை. வெட்டிவிட்டுப் புது முனை போட்டேன். 470.

சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு மாதமும் என் மீட்டிங் உறையும்போதெல்லாம், பக்கத்து அறையில் ஆன்லைன் வகுப்பில் இருக்கும் மகளைப் பார்த்து "கேமராவை அணைம்மா" என்று கத்தியிருக்கிறேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் அணைத்துவிடுவாள். இரண்டு மாதம் வகுப்பில் அவள் முகமே இல்லை, பெயர் மட்டும்தான். பழுப்புக் கம்பியைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். இன்னும் போகவில்லை.

கம்பிக்காரர்:

94 என்று படித்ததுமே கேபிள்தான் என்று தெரிந்துவிட்டது. மேலே வந்து பார்த்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், சுவரைக் கை காட்டியது தவறு. கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், 1, 2, 3, 6 என்ற நாலு ஊசிதான். ஏழாவது எட்டாவது ஊசி பழுப்பு ஜோடி. அதில் ஒன்று தொடாவிட்டால் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. அந்த 100-லும் தரவு போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பு, இடைவெளி எல்லாம் போக மிஞ்சுவது 94, 95.

எனக்கு நடந்தது தங்கை வீட்டில். நானே கேபிள் இழுத்து, சுவரைப் பூசி, கூரையில் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) மாட்டிக் கொடுத்தேன், அதே கேபிள் வழியாகத்தான் அதற்கு மின்சாரமும். வாரத்துக்கு நாலு தடவை தானாக அணைந்து எழுந்தது. கடைசியில் மிச்சமிருந்த கேபிள் துண்டை எடுத்துக் கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பி, மின்சாரம் அதில் சரியாகப் போய்ச் சேரவில்லை. தங்கை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் கேபிள் போடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முழுச் செம்பு என்று கேபிள் உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், அச்சிட்டிருந்தாலும் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். கேட்6 வகைக் கேபிள் போதும், வீட்டுக்குள் அதற்கு மேல் தேவையில்லை. சுவருக்குள் கேபிளை அப்படியே புதைக்காமல் குழாய்க்குள் விடுங்கள், கூடவே ஒரு நைலான் கயிறும் கிடக்கட்டும், நாளைக்கு இன்னொரு கேபிள் இழுக்க உதவும். மின்கம்பியோடு ஒரே குழாயில் விடவே விடாதீர்கள். பூசுவதற்கு முன்னால் எட்டு விளக்கு எரியும் டெஸ்டரை இரண்டு முனையிலும் மாட்டிப் பாருங்கள், எட்டும் வரிசையாக எரிந்தால்தான் மேஸ்திரியைப் பூசச் சொல்ல வேண்டும். டெஸ்டர் இல்லையா, கணினியில் செருகி இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா பாருங்கள். 100 என்று காட்டினால் ஸ்பீட் டெஸ்ட்டே வேண்டாம், முனையை வெட்டுங்கள்.

அம்மாஅறை:

என்னுடையது வேகம் பற்றியது இல்லை. அம்மாவுக்கு நடமாட்டம் குறைவு, அவர் அறையில் ஒரு கேமரா வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை என்பதால் திரையின் ஓரத்தில் அந்தப் படம் எப்போதும் திறந்திருக்கும். புது ரவுட்டர் வந்ததும் காலையிலேயே எல்லா செட்டிங்கையும் முடித்துவிடலாம் என்று வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ3 என்ற புது முறை மட்டும் என்று மாற்றிச் சேமித்தேன். லேப்டாப் உடனே வந்து ஒட்டிக்கொண்டது, போனும் வந்தது, சரி என்று மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டேன். படத்தில் அம்மா கட்டிலில் படுத்திருக்கிறார். அரை மணி கழித்துப் பார்த்தேன், அப்படியே படுத்திருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்தும் அதே மாதிரி, போர்வை மடிப்புகூட மாறவில்லை. அப்போதுதான் படத்தின் மூலையில் இருந்த மணியைப் பார்த்தேன். 10:42. அது ரவுட்டர் அணைந்து எழுந்த நேரம். என் கடிகாரத்தில் 11:50.

ஓடிப்போய்ப் பார்த்தால் தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடி ஒன்றும் இல்லை. "கூப்பிட்டேன், நீ பேசிட்டிருந்தே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் கேமராவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், டபிள்யூபிஏ3 தெரியாது. இப்போது 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து பழைய முறையான டபிள்யூபிஏ2-வில் விட்டிருக்கிறேன், அந்த மாதிரிப் பழைய கருவிகள் எல்லாம் அதில். ரவுட்டர் மாற்றுகிற அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன், அறை அறையாகப் போய் ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

ஒருபெட்டிபோதும்:

அம்மா நலமாக இருக்கிறார் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெஷ் வாங்கியதே தேவையில்லாத வேலை. இரண்டு பேண்டு (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) மட்டும் உள்ள மெஷ்ஷில் பெட்டிகள் ஒன்றோடொன்று காற்றிலேயே பேசும்போது வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும், வாங்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை. நான் மூன்று பெட்டி வைத்துக் கெட்டவன். வேலைக்கான நேர்காணல் நடந்துகொண்டிருந்தது, வெளியே சத்தம் அதிகமானதால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனேன். உள் அறையில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. லேப்டாப் ஆனால் கூடத்துப் பெட்டியை விடவில்லை, சிக்னல் -81 டிபிஎம்முக்கு (பூஜ்யத்திலிருந்து விலக விலக மோசம்) விழுந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நின்றது. "பழைய வேலையை ஏன் விட்டீர்கள்" என்று கேட்டார்கள், நான் முழுப் பதிலையும் சொன்னேன், சொல்லி முடித்துப் பார்த்தால் எதிரே மூன்று முகமும் உறைந்து நிற்கிறது. திரும்ப வந்தபோது வேறு கேள்விக்குப் போயிருந்தார்கள். நான் சொன்னது அவர்களுக்குக் கேட்டதா என்பது இன்றுவரை தெரியாது.

எந்தப் பெட்டிக்கு மாறுவது என்று முடிவெடுப்பது ரவுட்டர் இல்லை, நம் கையில் இருக்கும் கருவிதான். பல போன்கள் -70 வரை குறையாமல் அடுத்ததைத் தேடவே ஆரம்பிப்பதில்லை. பெட்டிகளின் சக்தியைக் குறைத்தால் தூரத்துப் பெட்டி சீக்கிரம் மங்கிவிடும், கருவியும் சீக்கிரம் கைவிடும். நான் ஒரு பெட்டியை எடுத்தே விட்டேன், மற்ற இரண்டின் சக்தியையும் நடுத்தரத்தில் வைத்தேன். மீட்டிங்குக்கு உட்காரும் இடத்தில் -67 அல்லது அதைவிட நல்ல அளவு வந்தால் போதும். 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் எல்லோரும் 36-லேயே குவிந்துகிடக்கிறார்கள், 100-க்கு மேலே போனால் காலியாக இருக்கும், அங்கே போய்விடுங்கள்.

மாடியறை:

நான் கேபிளில் இணைத்தேன் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். பாதியாகும் கதை எனக்குப் பொருந்தாது.

இரவுப்பணி:

100-க்கு மேலே போகச் சொல்பவர்கள் கூடவே இதையும் சொல்ல வேண்டும். நானும் காலியாக இருக்கிறது என்றுதான் 100-க்குப் போனேன். என் வேலை ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, எல்லாம் தூரத்து சர்வரில் இருக்கும். ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் திடீர் திடீரென்று வைஃபை பட்டியலிலிருந்தே பெயர் காணாமல் போக ஆரம்பித்தது. சிக்னல் குறையவில்லை, பெயரே இல்லை. ஒரு நிமிடம் போல ஆன பிறகு தானாக வரும். லேப்டாப்பைச் சந்தேகப்பட்டு அதையே துடைத்து மறுபடி எல்லாம் ஏற்றினேன். கடைசியில் ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்து கீழே இழுத்துக்கொண்டே போனால், பெயர் மறைந்த ஒவ்வொரு நேரத்திலும் அதே ஒரு வரி: ரேடார் கண்டறியப்பட்டது.

என் வீட்டு ரவுட்டர் ரேடாருக்கு வழிவிட்டுக்கொண்டிருக்கிறது என்று அந்த ராத்திரியில்தான் தெரிந்தது. 52 முதல் 144 வரை உள்ள சேனல்கள் வானிலை ரேடார் போன்றவற்றோடு பங்கிட்டுக்கொள்ளும் இடம். அங்கே ரேடார் துடிப்பு கேட்டால் ரவுட்டர் உடனே விலக வேண்டும், அரை மணி நேரம் அந்த சேனலுக்குத் திரும்பக் கூடாது, அதே வகையில் வேறு சேனலுக்குப் போனாலும் குறைந்தது 60 நொடி வாயை மூடிக் கேட்டுவிட்டுத்தான் பேசலாம். அந்த 60 நொடிதான் எனக்குப் பெயர் மறைந்த நேரம். விமான நிலையம், துறைமுகம், வானிலை நிலையம் பக்கத்தில் இருப்பவர்கள் 36 நெரிசலாக இருந்தாலும் அங்கேயே இருங்கள். நெரிசலில் வேகம் குறையும், ஆனால் வேலை நடுவில் அறுந்து போகாது. துடைத்த லேப்டாப்பில் வேறெங்கும் சேமிக்காமல் இருந்த ஐந்து வருடக் குறிப்புகள் போனது போனதுதான்.

பிங்பார்ப்பவர்:

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். மாடியறை, உங்கள் மீட்டிங்குக்கு 94 ஏன் போதவில்லை? வீடியோ மீட்டிங் ஒன்றுக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். மகளின் வகுப்பும் அதே அளவு. இரண்டையும் சேர்த்தால் பத்தைத் தாண்டாது. பழுப்புக் கம்பி உங்கள் வேகத்தைக் குறைத்தது, சரி. மீட்டிங்கை உறைய வைத்தது அது என்று நான் நம்பவில்லை.

எங்கள் வீட்டில் பிங் எண்ணை (ஒரு பொட்டலம் போய்த் திரும்ப ஆகும் மில்லிநொடி) திரையில் ஓடவிட்டுவிட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். 14, 15, 14 என்று போய்க்கொண்டிருந்தது. மேசையில் இருந்த போன் எடுத்திருந்த வீடியோக்களைத் தானாக மேலே ஏற்ற ஆரம்பித்தது. 15, 210, 640, 900. அக்கா குரல் அறுந்து அறுந்து வந்து நின்றுவிட்டது. போனின் வைஃபையை அணைத்தேன், மறு நொடியே 15. வேகம் போதாமல் இல்லை, வரிசை. அப்லோடு நிரம்பினால் மோடத்துக்குள் பொட்டலங்கள் நீளமாக வரிசை கட்டி நிற்கும், நம் குரலும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கும். புது வைஃபை வாங்கினால் இது தீராது. ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்று வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால், அதில் கேக் அல்லது எஃப்க்யூ கோடல் என்று இருக்கும், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அப்லோடு வரம்பை உண்மையான அளவில் 90 சதவீதத்துக்கு வையுங்கள். வரிசை உங்கள் ரவுட்டர் கைக்கு வந்துவிடும், சின்னப் பொட்டலங்கள் முந்திப் போகும்.

கம்பிக்காரர்:

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. சரியாக அழுத்தாத முனை பொட்டலங்களை இழக்கவும் செய்யும். போர்ட்டில் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்த பொட்டலங்கள்) எண்ணிக்கையைப் பார்க்காமல் கம்பி குற்றமற்றது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மாடியறை:

பழைய முனையை வெட்டிப் போட்டுவிட்டேன், அதன் எண்ணிக்கையை இனிப் பார்க்க வழியில்லை. ஆனால் நேற்று, புது முனை போட்டு 470 வந்த பிறகும், காலை 11 மணி மீட்டிங் ஒரு தடவை உறைந்தது. அதனால் இன்று பிங்கை ஓடவிட்டு உட்கார்ந்தேன். மகள் வகுப்பில் இருந்தாள், கேமரா அணைந்திருந்தது. 16, 16, 17. சரியாக 11-க்கு 740.

அலுவலக லேப்டாப்பின் பேக்கப். தினமும் 11 மணிக்கு என்று வைத்திருக்கிறது. 50 அப்லோடையும் முழுசாக எடுத்துக்கொள்கிறது. என் மேசையில், என் கைக்குக் கீழே.

பேக்கப்பை ராத்திரி 2 மணிக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன், எஸ்க்யூஎம்மில் அப்லோடு 45. மறுபடி சோதித்தேன், பேக்கப் ஓடும்போதே பிங் 25-ஐத் தாண்டவில்லை. அப்புறம் மகள் அறைக்குப் போய், உன் வகுப்பால் எதுவும் நடக்கவில்லை, என் கணினியால்தான் நடந்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நாளைக்குப் போட்டுக்கலாமா?" என்றாள். இப்போதே போடு என்றேன். தலையைச் சீவிவிட்டு வந்து போட்டாள்.