கோக், பெப்சி புறக்கணிப்பு: வெறும் ஸ்டேட்டஸ் போராட்டமா?

பொருநைக்கரை:
பக்கத்துத் திரியில கணக்குப்பிள்ளைன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு: "2017-ல கோக், பெப்சி வேண்டாம்னு சொன்னதெல்லாம் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டுல போட்ட ஸ்டேட்டஸ். நம்ம ஊர் காளிமார்க் கம்பெனி பவண்டோ குடிச்சே உலக முதலாளித்துவத்தைக் கவுக்கப் பாத்தாங்க." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன்வே, கங்கைகொண்டான் எந்தத் திசையில இருக்குன்னாவது உமக்குத் தெரியுமா? நெல்லைப் பக்கம் இருக்குற அந்த ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில கோக் ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணி ஆயிரம் லிட்டர் 37 ரூபா 50 காசுக்குப் போச்சு. லிட்டருக்கு நாலு பைசா கூட இல்ல. அதுலயே சாயமும் சீனியும் கலந்து நம்மகிட்டயே விக்கான். இதுக்கு மொதல்ல பதில் சொல்லும்.

கணக்குப்பிள்ளை:
வணக்கம் அண்ணாச்சி. 37.50-ஐ விட்டா உங்க கையில வேற ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதுதான். 2016 நவம்பர்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை கோக், பெப்சிக்கு ஆத்துத் தண்ணி குடுக்கத் தடை போட்டுச்சு, 2017 மார்ச் 2-ல மனுவையே தள்ளுபடி பண்ணிருச்சு. உபரித் தண்ணிதான் போகுதுன்னு ஆச்சு. வணிகர் சங்கங்கள் கோக் விக்க மாட்டோம்னு ஆரம்பிச்சது மார்ச் 1. மறுநாளே தீர்ப்பு! டைமிங்குக்கே ஒரு சோடா உடைக்கலாம்.

பொருநைக்கரை:
உபரியா? பிசான நெல்லுக்குத் தண்ணி வரலன்னு ஸ்ரீவைகுண்டம் கடைமடையில நிக்கிறவன்கிட்ட வந்து அந்த வார்த்தையச் சொல்லும் பாப்போம். நீர் இன்னும் பதில் சொல்லல. ஆயிரம் லிட்டர், 37 ரூபா 50 காசு.

புதுமுகம்:
உலக முதலாளித்துவம்னு எதைச் சொல்றோம்னு மொதல்ல பேசிக்கிட்டா நல்லா இருக்கும்ல? வெளிநாட்டுக் கம்பெனி மட்டுமா, இல்ல...

கணக்குப்பிள்ளை:
அண்ணாச்சி, அந்த 37.50 தண்ணிக்கு விலையா, இல்ல ஆத்துல இருந்து இழுத்துக் குழாய் வழியா கொண்டு வர்றதுக்கான கட்டணமா? அதே சிப்காட்ல மத்த கம்பெனிக்கு என்ன ரேட்டுன்னு விசாரிச்சீங்களா? தூத்துக்குடி ஆலைகளுக்கு ஸ்ரீவைகுண்டத்துல இருந்து நாளுக்கு 2 கோடி கேலன் திட்டம் போட்டு எடுத்தாங்களே, அதுக்கு எத்தனை பேர் ஸ்டேட்டஸ் போட்டீங்க? கோக்குன்னா மட்டும் ரத்தம் கொதிக்குது, ஏன்னா போட்டோவுக்கு செவப்பு கலர் எடுப்பா இருக்கும்.

மதுரைக்காரி:
ரெண்டு பேரும் பிளாச்சிமடையை மறந்துட்டீங்க. பாலக்காடு பக்கம் ஆதிவாசிப் பெண்கள் 2002-ல கோக் ஆலை வாசல்ல உக்காந்தாங்க. அதுல முன்னால நின்ன மயிலம்மா எந்த போன்ல ஸ்டேட்டஸ் போட்டாங்க? பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டேன்னுச்சு, 2004 மார்ச்ல ஆலை மூடுச்சு. போராட்டம்னா இப்படி. ஒரு வாரம் மெரினாவுல டார்ச் அடிக்கிறது இல்ல.

பொருநைக்கரை:
மெரினாவைத் தொடாதீங்க தாயி. அந்தப் பிள்ளைகளாலதான் சட்டமே வந்துச்சு.

கணக்குப்பிள்ளை:
அக்கா, பிளாச்சிமடை ஜெயிச்சதுன்னா நஷ்ட ஈடு எங்க? 216.25 கோடின்னு கமிட்டி கணக்குப் போட்டுச்சு, 2011-ல கேரள சட்டசபை தீர்ப்பாய மசோதா போட்டுச்சு, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவே இல்ல. இதுக்குப் பேர் வெற்றியா?

மதுரைக்காரி:
கெணத்துத் தண்ணியில சோறு பொங்க முடியாமப் போன ஊர்ல ஆலை மூடுறதே வெற்றிதான். ஏசி ரூம்ல உக்காந்து மார்க் போட வந்துட்டாரு.

மளிகைக்கடை அண்ணாச்சி:
நடுவுல வரேன். 2017-ல நானும் விக்கல. கடையில இருந்த ஃப்ரிட்ஜ் கம்பெனி குடுத்தது. ஆளு வந்து கதவைத் திறந்து பாப்பான், அவன் பாட்டில் கண்ணு மட்டத்துல இல்லைன்னா மூஞ்சியத் தூக்குவான். தயிர் பாக்கெட் வச்சா அதுக்கும் பேச்சு. பவண்டோவை அடித்தட்டுல, மோர் மிளகாய் டப்பாவுக்குப் பின்னாலதான் ஒளிச்சு வைப்பேன். விக்க மாட்டேன்னதும் ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிட்டான். சித்திரை வெயில்ல ஒரு தம்பி வந்தான், நெஞ்சுல காளை மாடு படம் போட்ட பனியன். "அண்ணாச்சி, கூலிங்கா கோக் இருக்கா?"

கணக்குப்பிள்ளை:
😂😂 அண்ணாச்சி, நான் பக்கம் பக்கமா எழுதுனதை ஒரு பனியன்ல முடிச்சிட்டீங்க.

பொருநைக்கரை:
மளிகைக்கடை அண்ணாச்சி, நீங்களும் அந்தாளுக்குச் சாமரம் வீசுதீகளா? ஒரு பய கேட்டதுக்கு ஒரு லட்சம் பேர் பொய்யா? 37 ரூபா 50 காசு பொய்யா?

மளிகைக்கடை அண்ணாச்சி:
நான் யாருக்கும் வீசல. ஃப்ரிட்ஜ் போனது எனக்கு, உங்களுக்கு இல்ல.

கணக்குப்பிள்ளை:
பவண்டோவும் முதலாளி சரக்குதான. காளிமார்க் 1916-ல இருந்து யாவாரம் பாக்குது, தர்மசத்திரம் நடத்தல. 1977-ல கோக் மூட்டை கட்டுனப்ப காம்பா கோலா வந்துச்சு. அதை 2022-ல ரிலையன்ஸ் வாங்குச்சு. நம்ம முதலாளி சுரண்டுனா இனிக்குமோ?

பொருநைக்கரை:
1993-ல கோக் திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாத்தையும் வாங்குனானே, கோல்ட் ஸ்பாட் இப்ப எங்கவே? சொந்த ருசின்னு ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு வாங்கிப் புதைச்சான். காளிமார்க்கையும் அதே குழியில தள்ளணுமா உமக்கு? ஸ்ரீவைகுண்டம் அணை தூர் வார்ற திரியிலயும் பதில் சொல்ல முடியாம பாதியில ஓடுன ஆளுதான நீர்.

கணக்குப்பிள்ளை:
ஓடல. என் பின்னூட்டத்தைத் தூக்கிட்டாங்க. நெறியாளர் உங்க ஊர்க்காரர்னு எல்லாருக்கும் தெரியும்.

நெறியாளர்:
என் ஊர் வத்தலக்குண்டு. தனிநபர் தாக்குதல் வேண்டாம்.

மதுரைக்காரி:
பிளாச்சிமடைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பொருநைக்கரை:
இருங்க தாயி. கணக்குப்பிள்ளை, 37.50 விலை இல்ல, கட்டணம்னு சொன்னீருல்லா, ஆதாரம் எங்க?

கணக்குப்பிள்ளை:
நான் கேள்விதான் கேட்டேன். தகவல் உரிமைச் சட்டத்துல சிப்காட்டுக்கு மனு போட்டா அவங்களே சொல்லப் போறாங்க. பத்து ரூபா. போடுங்க.

பொருநைக்கரை:
நான் எதுக்குவே போடணும்? எனக்குத்தான் தெரியுமே. சந்தேகம் உமக்கு, நீரே பத்து ரூபா ஸ்டாம்ப் வாங்கி ஒட்டும்.

கணக்குப்பிள்ளை:
ஆத்தங்கரையில இருக்குறது நீங்க. பக்கத்துலதான ஆபீஸ்.

பொருநைக்கரை:
மனு தபால்லயே போகும். உமக்குப் போஸ்டாபீஸ் எந்தத் திசையில இருக்குன்னும் தெரியாதோ?