கைப்பேசியில் இயங்கும் மோட்டார் பொருள்களின் இணையம் ஆகுமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் தென்னந்தோப்பில் சிம் கார்டு பொருத்திய ஸ்டார்ட்டர் இருக்கிறது. கைப்பேசியில் அழைத்தால் மோட்டார் ஓடும், மறுபடி அழைத்தால் நின்றுவிடும். பொருள்களின் இணையம் (Internet of Things, IoT) என்பது இதுதானா, வேறொன்றா என அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, உங்கள் ஸ்டார்ட்டர் அதன் முதற்படி என்பேன். நீங்கள் சொன்னதை அது செய்கிறதே தவிர, மண்ணின் நிலையை அறிவதில்லை. வேர்ப்பகுதியில் புதைத்த ஈரப்பத உணரியின் அளவீடு இணையவழியே சர்வர் என்னும் மையக் கணினிக்குச் சென்று, ஈரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போது மோட்டார் தானே ஓடி, போதிய அளவு நனைந்ததும் நின்றுவிடுமானால், அதுவே முழுமையான பொருள்களின் இணையம். உணரி வாங்கும்போது, உலோகம் மண்ணில் படாதபடி மூடப்பட்ட கெப்பாசிட்டிவ் வகையையே கேட்டு வாங்குங்கள். உலோக முனைகள் வெளியே தெரியும் மலிவான வகை, ஈரமண்ணில் மின்னோட்டம் பாய்வதால் விரைவில் அரித்துப்போகும்.

மறுமொழி 2:
தோப்புக்கு வைஃபை எட்டாதே என்று தயங்க வேண்டாம். லோரா என்னும் வானொலி முறை, மிகக் குறைந்த மின்சாரத்தில், சில கிலோமீட்டர் தொலைவுக்குச் சிறு தகவல்களைக் கொண்டுசேர்க்கும். இந்தியாவில் அதற்குப் பயன்படும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் பெறத் தேவையில்லை.

மறுமொழி 3:
பாதுகாப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2016இல் மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லே மாற்றப்படாதிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் ஏராளமாகக் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. ஆகவே, கருவியைப் பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். இணைப்பு அறுந்தாலும் கையால் நிறுத்துவதற்குத் தோட்டத்திலேயே ஒரு சுவிட்ச் இருக்கட்டும்.