சிபி2 மொடலில் பூச்சியம் போட்ட வேலை: உங்கள் கண்ணில் பட்ட பிழைகளையும் எழுதுங்கோ

வெள்ளவத்தை_லேன்
ஐஎஃப்ஓஏ எண்ட பிரித்தானிய அக்சுவரி (காப்புறுதிக் கணிப்பாளர்) நிறுவனத்தின் சிபி2, அதாவது எக்செல் ஷீட்டில் மொடல் கட்டுற சோதனை, முதல் பேப்பர் மாதிரிப் பயிற்சி. 10 வருடத் தவணைக் காப்புறுதி, அந்தக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் இழப்பீடு. தரவு ஷீட்டில் வயது எண்ணாக இருக்கு, இறப்பு வீத அட்டவணையில் வயது டெக்ஸ்ட் ஆக இருக்கு. அட்டவணையில் தேடி எடுக்கிற வீ-லுக்கப் ஒரு வரியிலும் பொருந்தாது. சும்மா விட்டிருந்தால் ஷீட் முழுக்க என்ஏ (கிடைக்கவில்லை) எண்டு கத்தியிருக்கும். ஆனால் ஃபோர்முலாவைச் சுற்றி இஃப்எரர் போட்டு, பிழை வந்தால் 0 எண்டு எழுதியிருந்தது. கணக்குப் புத்தக ஃபோர்மட்டில் பூச்சியம் சின்னக் கோடாகத்தான் தெரியும். அந்த வரிசை முழுக்க அழகான கோடுகள்! ஒருவரும் சாகவில்லை, இழப்பீடு ஒரு சதமும் இல்லை, ஒதுக்கம் (வருங்கால இழப்பீட்டுக்கு எடுத்து வைக்க வேண்டிய தொகை) மறைப் பெறுமானம், பூச்சியத்துக்கும் கீழே. இதே பிழை, உயிரோடு இருக்கும்வரை பணம் கொடுக்கிற ஆண்டுத்தொகையில் வந்தால் எதிர்ப்பக்கம், ஒதுக்கம் ஊதிப்போகும். இதுக்கு எவ்வளவு மார்க்ஸ் போகும்?

கொட்டாஞ்சேனை51
நீங்கள் நினைக்கிற அளவு போகாது. பிழையான வீதத்தை வைத்து அடுத்த படிகளைச் சரியாகச் செய்திருந்தால் அந்தப் படிகளுக்கு மார்க்ஸ் வரும். மறை ஒதுக்கத்தைப் பார்த்தும் "முடிவு நியாயமாக உள்ளது" எண்டு ஒடிட் ட்ரெயிலில் (மொடலில் செய்த படிகளையும் சரிபார்ப்புகளையும் விளக்குற குறிப்பில்) எழுதினால்தான் அடி.

என்ரை கண்ணில் நிற்கிறது வட்டி. வருடத்துக்கு 12% பயனுறு வீதம் (வட்டிக்கு வட்டியும் சேர்ந்து வருட முடிவில் உண்மையில் வாறது), மொடலோ மாதம். 12ஐ 12ஆல் பிரித்து 1% போட்டாச்சு. சரியான மாத வீதம் 0.949%. 1,00,000 ரூபா 10 வருடத்தில் 3,10,585 ஆக வேண்டியது, 3,30,039 ஆக நிற்குது. முதல் 12 மாதத்தை மட்டும் கூட்டுவட்டியாகப் பெருக்கிப் பார்த்திருந்தால் 12.68% எண்டு அங்கேயே பிடிபட்டிருக்கும்.

மணிக்கூடு
51 அண்ணை, 1% எப்பவும் பிழை எண்டு பிள்ளைகளைப் பயப்படுத்தாதேங்கோ. கேள்வியில் "மாதாந்தம் கூட்டப்படும் பெயரளவு வீதம் 12%" எண்டு இருந்தால் 1%தான் விடை. எந்த வகை வீதம் எண்டு எடுகோள் ஷீட்டில் (மொடலில் எடுத்துக்கொண்ட வீதங்களை எழுதுற ஷீட்டில்) ஒரு வரி எழுதாததுதான் குறை.

நான் கண்டது திகதி. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04 எண்டது மார்ச் 4 ஆகிவிடும். நாள் 12க்கு மேல் போனால் மட்டும் டெக்ஸ்டாக நின்று இடப்பக்கம் ஒட்டும், மற்றது சத்தமில்லாமல் மாறிப்போகும்.

ஒருவரும் கேட்கவில்லை, எண்டாலும் சொல்லுறன். தரவு ஷீட்டைத் தொடாமல் ஒரு கொப்பி வைத்திருங்கோ. வரி எண்ணிக்கை, கூட்டுத்தொகை, ஆகக் குறைந்த வயது, ஆகக் கூடிய வயது, இரட்டைப் பொலிசி இலக்கம், இவ்வளவையும் மொடல் கட்ட முதலே பாருங்கோ. வயது 199 எண்டு ஒருவர் இருந்தால் நீக்கினீங்களா, திருத்தினீங்களா, ஏன் எண்டு எழுதுங்கோ. ஃபோர்முலாவுக்குள் எண்ணைப் புதைக்காதேங்கோ, தனிச் செல்லில் வையுங்கோ. ஒடிட் ட்ரெயிலைக் கடைசிக்கு வைக்காமல் ஒவ்வொரு ஷீட் முடிய எழுதுங்கோ. சோதனை ஒன்லைனில், கொழும்பில் கரண்ட் போனால் ரௌட்டரும் போகும், போன் ஹொட்ஸ்பொட்டை முதல் நாளே இணைத்துப் பாருங்கோ. சோதனை நேரத்தை லண்டன் நேரத்தில் பார்த்தால், ஏப்ரலில் லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னுக்கு, ஐந்தரை இல்லை.

பம்பலப்பிட்டி_ரெயில்
மணிக்கூடு அக்கா ஒரு லெக்சரே வைச்சிட்டா :)
என்ரை பங்குக்கு டொலர் குறி, ஃபோர்முலாவைக் கீழே இழுக்கேக்க செல் மாறாமல் பூட்டுறது. பி2 செல்லில் வட்டி 8%, பி3இல் செலவுப் பணவீக்கம் 5%, அதுக்குக் கீழே வெறுமை. பி2வைப் பூட்டாமல் கீழே இழுத்தால் 1,00,000 ரூபா முதல் வருடம் 1,08,000, இரண்டாம் வருடம் 1,13,400. பிறகு அப்படியே. வரைபடத்தில் கோடு இரண்டு படி ஏறிப் பாயில் படுத்த மாதிரி. எண்களை மட்டும் பார்த்தால் முதல் இரண்டும் சந்தேகமே தராது.

வெள்ளவத்தை_லேன்
சரி, கடைசி 20 நிமிடத்தில் பிடிபட்டால்?

கொட்டாஞ்சேனை51
ஒரு செல் திருத்தினால் முழுக்க ஓடும் எண்டால் திருத்துங்கோ, பிறகு ஒடிட் ட்ரெயிலில் எழுதின எண்களையும் மாத்துங்கோ, அதைத்தான் மறந்துபோறது. கட்டமைப்பையே உடைக்க வேணும் எண்டால் தொடாதேங்கோ. எந்த ஷீட், எந்த வரிசை, முடிவு எந்தப் பக்கம் சாயும், ஏறத்தாழ எவ்வளவு எண்டு நாலு வரி எழுதிப்போட்டு ஃபைலை ஏத்துங்கோ.