ரிஃப்ராக்டோமீட்டர் 6.4-இல் நின்றுவிட்டது: ஈஸ்ட் செத்துவிட்டதா, கருவி சரியில்லையா?

சாட்ஸ்வர்த் தம்பி:
வணக்கம். வீட்டில் 20 லிட்டர் பேல் ஏல் பியர் போட்டிருக்கிறேன். மாமா டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சாற்றில் இனிப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை என்னிடம் கொடுத்துவிட்டார், 0 முதல் 32 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு) வரை காட்டும். ஈஸ்ட் போடும் முன் 12.4 இருந்தது. ஒரு வாரத்தில் 6.4-க்கு வந்தது, அப்புறம் அசையவே இல்லை. அட்டவணைப்படி அது 1.025 கிராவிட்டி, அதாவது தண்ணீரைப் போல் 1.025 மடங்கு அடர்த்தி. செய்முறையோ 1.012 வரை இறங்கும் என்கிறது. இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடட்டுமா? இல்லை, மிதக்கவிட்டு அளக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் வாங்கத்தான் வேண்டுமா?

பீனிக்ஸ் அக்கா:
ஈஸ்ட் போடாதே தம்பி. உன் பியர் அநேகமாக முடிந்துவிட்டது.

ரிஃப்ராக்டோமீட்டர் சர்க்கரையை எண்ணுவதில்லை. திரவத்துக்குள் போகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, அதைச் சர்க்கரைக் கணக்கில் சொல்கிறது. கரும்புச் சாற்றில் ஆல்கஹால் இல்லை, அதனால் மாமாவுக்குச் சரியாக வந்தது. புளித்த பியரில் ஆல்கஹாலும் சேர்ந்து ஒளியை வளைக்கும். கருவி அதையும் சர்க்கரை என்றே காட்டும். ஹைட்ரோமீட்டர் பார்ப்பது அடர்த்தியை.

இதற்கென்று திருத்தக் கணக்கிகள் இணையத்தில் இருக்கின்றன. ஆரம்ப அளவு, இப்போதைய அளவு இரண்டையும் கொடுக்க வேண்டும். 12.4, 6.4 என்று போட்டால் 1.012, 1.013 பக்கம் வரும். ஆனால் அது மதிப்பீடுதான், அதை மட்டும் நம்பி பாட்டிலில் அடைக்காதே. சர்க்கரை மிச்சமிருந்தால் பாட்டில் வெடிக்கும்.

லெனேசியா:
அப்படியென்றால் ரிஃப்ராக்டோமீட்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பீனிக்ஸ் அக்கா:
ஐயோ, வேண்டாம். காய்ச்சும் நாளில் அதுதான் வசதி, இரண்டு மூன்று சொட்டு போதும். ஹைட்ரோமீட்டருக்கு ஒரு குழாய் நிறைய, கிட்டத்தட்ட 100 மில்லி வேண்டும், வோர்ட் (ஈஸ்ட் போடும் முன் காய்ச்சிய இனிப்புச் சாறு) ஆறும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு ஹைட்ரோமீட்டரைத்தான் சொல்வேன். விலையும் குறைவு. என்ன, கண்ணாடி மெல்லியது, கழுவும் தொட்டியில்தான் பெரும்பாலும் உயிரை விடும்.

சாட்ஸ்வர்த் தம்பி:
சரி அக்கா, ஹைட்ரோமீட்டரே வாங்குகிறேன். வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பீனிக்ஸ் அக்கா:
உள்ளே இருக்கும் தாளில் எந்த வெப்பநிலைக்கானது என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 20 டிகிரி, சிலவற்றில் 15.6. அந்த வெப்பநிலையில் காய்ச்சி வடித்த நீரில் விட்டால் 1.000 காட்ட வேண்டும். நம் டர்பன் கோடையில் பியர் 27, 28 டிகிரியில் இருந்தால், 20 டிகிரி கருவி சுமார் 0.002 குறைத்துக் காட்டும், கூட்டிக்கொள். மாதிரியை நன்றாகக் கலக்கி வாயுவை வெளியேற்று. குமிழி ஒட்டினால் கருவி மேலே எழும்பிப் பொய் சொல்லும். லேசாகச் சுழற்றி விட்டு, நீர்மட்ட வளைவின் அடிப்பகுதியில் படி.

லெனேசியா:
தம்பி, புளிக்கும் வாளியும் 27 டிகிரியிலா இருக்கிறது? பல ஏல் ஈஸ்ட்களுக்கு அது அதிகம், பழ வாசம் தூக்கும். அடுத்த முறை ஈரத் துண்டைச் சுற்றி விசிறி வை. வாளியிலேயே மிதக்கவிட்டு கிராவிட்டியைப் போனில் பார்க்கும் கருவி பற்றியும் கேட்கிறேன், உபயோகமா?

பீனிக்ஸ் அக்கா:
போக்கைப் பார்க்க நல்லது. நுரையும் ஈஸ்ட்டும் ஒட்டினால் இறுதி அளவு ஆடும். அந்தக் காசுக்கு எத்தனையோ கண்ணாடி ஹைட்ரோமீட்டர் வாங்கலாம்.

சாட்ஸ்வர்த் தம்பி:
வாங்கிவிட்டேன். 27 டிகிரியில் 1.010, திருத்தினால் 1.012. இரண்டு நாள் கழித்தும் அதேதான். ஆரம்பம் 1.050 என்பதால், வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 5 சதவீதம். பாட்டிலில் அடைக்கும்போது வாயு பிடிக்க எவ்வளவு சர்க்கரை சேர்க்க வேண்டும் அக்கா?

பீனிக்ஸ் அக்கா:
லிட்டருக்கு 6 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை, 20 லிட்டருக்கு 120. கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஊற்று. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறு.