புதுப்பிப்பு: மேலங்கியின் நிலைமின் சோதனை முடிவு வந்துவிட்டது

உட்லண்ட்ஸில் மின்னணுத் தொழிற்சாலையில் நாங்கள் போடும் பாலியஸ்டர் மேலங்கியில் நிலைமின்சாரம் தேங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். "சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அதெல்லாம் வராது" என்றுதான் பலர் சொன்னீர்கள். புதுத் துணி, பலமுறை துவைத்த துணி இரண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

வெளியே புழுக்கம்தான். ஆனால் ஈஎன் 1149 என்ற, நிலைமின் தேங்காத பாதுகாப்பு உடைகளுக்கான ஐரோப்பியத் தரப்படி சோதிப்பது 23 டிகிரியில், வெறும் 25 விழுக்காடு ஈரப்பதத்தில். ஈரம் இருந்தால் எந்தத் துணியும் ஓரளவு மின்னைக் கடத்திவிடும். வறண்ட காற்றில்தான் அதன் உண்மைக் குணம் தெரியும். துணிகளை வழக்கமாகச் சோதிக்கும், இதைவிட ஈரமான அறைக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4தான். குளிரூட்டி ஓடும் அறையில் எது சிக்கல் தரும் என்று இதிலேயே தெரிகிறது.

சரி, முடிவு. புதுத் துணி தேறியது, துவைத்தது தேறவில்லை. நிலைமின் தேங்காமலிருக்க மேலே பூசிய ரசாயனம் சோப்போடு போய்விட்டது என்றார் ஆய்வக அக்கா. நேர்த்தியாக விளக்கினார், அவருக்கு நன்றி.

மின்னைக் கடத்தும் கார்பன் இழை நெய்த துணியைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: இழை நூலின் உள்ளே புதைந்திருந்தால் மேற்பரப்பு மின்தடையை மட்டும் அளப்பது போதாது. மின்னூட்டம் எவ்வளவு வேகமாக வடிகிறது என்றும் பார்க்க வேண்டும். 4 விநாடிக்குள் அது பாதியாகக் குறைய வேண்டும். விற்பவரிடம் துவைத்த பிறகு எடுத்த அறிக்கையைக் கேளுங்கள். நாங்களும் இப்போது அதைத்தான் கேட்டிருக்கிறோம்.