பங்குனி வெயிலில் காய்ந்த உளுந்து: வேரழுகல் அனுபவங்கள்

எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். தாளடி வயலில், அதாவது இரண்டாம் போக நெல் எடுக்கும் வயலில், தை மாதம் தெளிக்கும் உளுந்தில் வேரழுகலைப் பெரிதாகப் பார்த்ததில்லை. ஒரு வருடம் அறுவடை தள்ளிப்போய், மாசிக் கடைசியில்தான் விதைக்க முடிந்தது. அதே வயல், அதே விதை. பங்குனியில் பூவெடுக்கும் நேரத்தில் திட்டுத்திட்டாக மஞ்சளடித்து, ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டது. பிடுங்கினால் ஆணிவேர் பட்டென்று ஒடிந்தது. அடித்தண்டின் தோல் நார்நாராக உரிந்தது. உள்ளே கரித்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.

மேக்ரோபோமினா என்ற பூஞ்சாணம் என்றார் பார்க்க வந்த வேளாண் அலுவலர். 30 முதல் 35 டிகிரி சூடும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். செடி தாகத்தில் தளரும்போது வேரில் ஏறிவிடும். தையில் மண் குளிர்ந்து, அடி ஈரமும் இருந்ததால் அடங்கிக் கிடந்திருக்கிறது. மருந்து ஊற்றினேன், வாடிய செடி ஒன்றுகூட மீளவில்லை.

சரி, பயிரை மாற்றுவோம் என்று அடுத்த கோடையில் எள் போட்டேன். அதுவும் அதே திட்டுகளில் காய்ந்தது. எள்ளையும் இது விடாது என்று அப்போதுதான் தெரிந்தது. மனசு விட்டுப்போன வருடம் அது.

*

அண்ணே, புதுக்கோட்டையில் எனக்கு நிலக்கடலையில் வேறு மாதிரி நடந்தது. நல்ல வெயிலுக்குப் பிறகு ஒரு கோடை மழை. நாலாம் நாள் தண்டின் அடியில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகு போன்ற மணிகள் கிடந்தன. இது ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சாணத்தால் வரும் தண்டழுகல். இதற்குச் சூட்டோடு ஈரமும் வேண்டும். மண் அணைக்கும்போது காய்ந்த இலைகளைத் தண்டோடு சேர்த்து மூடியிருந்தேன். அந்தச் சருகில்தான் முதலில் பிடித்தது. இப்போது சருகை ஒதுக்கிவிட்டுத்தான் அணைக்கிறேன்.

*

உடுமலைப் பக்கம் கொண்டைக்கடலை. ஒரே பருவத்தில் வாடல், வேரழுகல் இரண்டையும் பார்த்தேன். கார்த்திகையில் வாடிய செடியில் வேர் அழுகவில்லை. தண்டைப் பிளந்தால் நடுவில் கரும்பழுப்புக் கோடு. இது ஃபியூசேரியம் என்ற பூஞ்சாணத்தால் வரும் வாடல், 25 டிகிரியையொட்டிய மிதமான சூடே இதற்குப் போதும். தையில் காய் முற்றும்போது வெயில் ஏறியது, தஞ்சாவூர் அண்ணன் சொன்ன வேரழுகல் வந்தது. வாடினால் பிடுங்கி, பிளந்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரே மருந்தை ஊற்றிக் காசை விட்டவன் நான்.

*

உடுமலைத் தம்பி சொன்னது முக்கியம், நானும் முதலில் பிளந்து பார்க்கவில்லை.

இந்த முறை கிலோ உளுந்து விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தேன், இது நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம். ஹெக்டேருக்கு 2.5 கிலோ கணக்கில் தொழு உரத்தோடு சேர்த்து மண்ணிலும் போட்டேன். அப்புறம் வரிசைக்கு நடுவே வைக்கோல் மூடாக்கு. மதியம் இரண்டு மணிக்கு வெறும் மண்ணில் கை வைக்க முடியவில்லை, வைக்கோலுக்கு அடியில் அந்தச் சூடு இல்லை. பூவெடுக்கும்போது மறக்காமல் ஒரு தண்ணீர் கொடுத்தேன். தாளடி நெல்லின்போது தண்ணீர் நின்ற பள்ளத்தில் நோயே இல்லை. ஈர மண்ணில் வேரழுகல் பூஞ்சாணத்தின் அந்தக் கறுப்புப் புள்ளிகள் அதிக நாள் பிழைக்காதாம். மேட்டில் மட்டும் இன்னும் நாலைந்து செடி காய்கிறது. தினமும் காலையில் பிடுங்கிக் கொண்டுபோய் எரித்துவிடுகிறேன்.