ஃபோர் வீல் டிரைவுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

வியாசர்பாடியிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் தேவைப்படுகிறது. டிராக்டர் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். அவர்களுக்காக 16 பக்கத்தில் ஒரு கையேடு தயாராகிறது, வியாழக்கிழமை வண்ணாரப்பேட்டை அச்சகத்தில் கொடுத்துவிட வேண்டும். ஏழாம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். எஞ்சின் விசை பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும் போகிற டூ வீல் டிரைவ் வாங்கலாமா, நான்குக்கும் போகிற ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாமா என்பதுதான் அந்தப் பக்கம். பிள்ளைகளில் பாதிப் பேர் மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கத்திலிருந்து வருகிறார்கள். வீட்டில் நெல் போடுகிறவர்கள். நாளைக்கு அப்பா டிராக்டர் வாங்கப் போனால் இவனைத்தான் கேட்பார், அதனால் இந்தப் பக்கம் குழப்பமாக இருக்கக் கூடாது.

போன வாரம் கரும்பலகையில் "இருசக்கர இயக்க டிராக்டர்" என்று எழுதினேன். முன்வரிசையில் ஒரு பையன் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் இரண்டே சக்கரம், நீளமாக ஒரு கைப்பிடி, பின்னால் நடந்து போகிற ஆள். பவர் டில்லரை வரைந்திருக்கிறான். அவன் மேல் தப்பே இல்லை. இருசக்கர வாகனம் என்றால் ஸ்கூட்டர் என்று ஊருக்கே தெரியும், அப்படியென்றால் இருசக்கர டிராக்டர் என்றதும் அவன் வேறு எதை வரைவான்? சக்கரத்தை எண்ணுகிற சொல் உதவாது, விசை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்று சொல்கிற சொல் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. உங்கள் யோசனைகளை எழுதுங்கள்.

பெரம்பூரிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, பையன் சரியாகத்தான் வரைந்திருக்கிறான், பலகையில் இருந்ததைத்தான் மாற்ற வேண்டும். 1960-இல் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கிய பிறகு செம்பியத்தைச் சுற்றி டிராக்டர் பேச்சு இல்லாத தெரு கிடையாது. நானும் டிராக்டர் வேலையிலேயே 31 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். எங்கள் வாயில் "டிரைவ்" என்ற சொல்லே வராது. ஃபோர் வீல் வண்டி, டூ வீல் வண்டி, அவ்வளவுதான். "சேறு வருது, ஃபோர் வீல் போட்டுக்கோ", "ரோட்டுக்கு வந்தாச்சு, ஃபோர் வீலை எடுத்துடு" என்று சொல்வார்கள். நீங்கள் எந்தச் சொல் வைத்தாலும் அது போடவும் எடுக்கவும் வர வேண்டும். வராவிட்டால் கையேட்டோடு நின்றுவிடும்.

ஏன் எடுக்க வேண்டும் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள், இது யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. முன் டயர் சின்னது, பின் டயர் பெரியது. இரண்டும் ஒரே தூரம் போக வேண்டுமானால் முன் சக்கரம் அதிகச் சுற்று சுற்ற வேண்டும், அதற்குத் தக்கபடி கியர் பல் வைத்திருப்பார்கள். சரியாக ஈடுகட்டி விடுவதில்லை, முன் சக்கரம் கொஞ்சம் முந்தியே இருக்கும், 1 முதல் 5 சதவீதம் வரை. மண்ணில் அந்த அளவு வழுக்கிச் சரியாகிவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, அதனால் முறுக்கம் முழுவதும் ஆக்ஸிலிலும் கியரிலும் ஏறும், முன் டயர் தேய்ந்து போகும். டயர் மாற்றும்போது முன்னும் பின்னும் அளவு பொருந்தாமல் போட்டாலும் இதே கதிதான்.

அப்புறம் எடை. டூ வீல் வண்டியில் சும்மா நிற்கும்போதே மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் முன்னால் இருக்கும். கலப்பை மண்ணில் இறங்கி இழுக்க ஆரம்பித்தால் அதிலும் கொஞ்சம் பின்னால் போய்விடும். உழும்போது முன்பக்கம் லேசாகத் தூக்குவது அதனால்தான். ஃபோர் வீல் வண்டியில் 40 சதவீதம் முன்னால் இருக்கும், அந்த எடையும் சும்மா உட்காராமல் இழுக்கும். சொல் வைக்கிறவர்கள் இதை மனதில் வைத்து வையுங்கள்.

ராயபுரத்திலிருந்து, செவ்வாய் இரவு

பெரம்பூர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன், நன்றி. ஓய்வு பெற்ற தமிழாசிரியனுக்கு இந்த இழையில் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

சக்கரம் வடசொல். நமக்கு ஆழி உண்டு, திகிரி உண்டு, உருள் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கால் உண்டு. "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்கிறது குறள். கால்வல் என்றால் வலிய சக்கரங்களை உடைய என்று பொருள். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ஒரே ஒரு சக்கரம் போன்றவன் என்று அதியமானைப் பாடினாரே ஔவையார், புறநானூறு 87, அங்கேயும் "திங்கள் வலித்த கால்" என்றுதான் வருகிறது. ஆகவே நாற்கால் இயக்கம், பின்கால் இயக்கம்.

இதைவிட என் மனதுக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. புறநானூறு 102, அதுவும் ஔவையார் பாட்டு. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, அங்கே என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று எண்ணி உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சேமவச்சு என்று பெயர். பெரம்பூர் ஐயா சொல்கிற ஃபோர் வீல் இதற்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! சமதரையில் சும்மா கிடக்கும், பள்ளம் வந்தால் துணைக்கு வரும். சேமவச்சு போடு, சேமவச்சு எடு. போடவும் எடுக்கவும் வருகிறது.

திருவொற்றியூரிலிருந்து, புதன் காலை

ஐயா, பாட்டை எடுத்துக் கொடுத்ததற்கு வணக்கம், இன்று முழுக்க அது கூடவே வரும். ஆனால் நாற்கால் என்று அச்சடித்தால் பையன் அடுத்து நாற்காலியை வரைவான். மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவள் நான், படிக்கிறவர் தடுக்கி விழுகிற சொல்லை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வைக்க மாட்டேன். சேமவச்சிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது ஒடிந்தால் மாற்றுவதற்கு வைத்திருக்கிற அச்சு, ஸ்டெப்னி மாதிரி. கூடவே சேர்ந்து இழுக்கிற அச்சு இல்லையே.

காலையில் கடற்கரைப் பக்கம் போயிருந்தேன். எண்ணூர் போகிற வழியில் ஒரு குப்பத்தில் ஃபைபர் படகை டிராக்டர் வைத்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய டூ வீல் வண்டி. கயிறு விறைத்தது, பின் சக்கரம் இரண்டும் சுற்றின, மணல் பின்னால் வாரி அடித்தது, வண்டி ஒரு முழம்கூட நகரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் பாதிக்குப் புதைந்துவிட்டது. முன் சக்கரம் இரண்டும் மணல்மேல் பூப்போல உட்கார்ந்திருந்தன. நாலு பேர் பலகை கொண்டுவந்து பின் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தபிறகுதான் ஏறியது. ஓட்டினவரிடம் ஃபோர் வீல் என்றால் என்ன வித்தியாசம் அண்ணே என்று கேட்டேன். "இது பின்னாடி மட்டும் தள்ளும்மா, அது முன்னாடியும் இழுக்கும்" என்றார். இதைவிடத் தெளிவாக நம்மில் யாரும் சொல்லவில்லை. முன்னிழுவை என்று வைக்கலாமா? முன்னிழுவை உள்ள டிராக்டர், முன்னிழுவை இல்லாத டிராக்டர். முன்னிழுவை போடு.

கும்மிடிப்பூண்டியிலிருந்து, புதன் பகல்

வணக்கம் அக்கா. நான் கிளிநொச்சியில் பிறந்து இங்கே வளர்ந்தவன். எங்கட ஊரில் டிராக்டருக்கு உழவு இயந்திரம் என்றுதான் பெயர். இரண்டு சக்கரம் வைத்து நடந்து ஓட்டுகிறது இருசக்கர உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர் என்றும் சொல்வார்கள். ஏறி இருந்து ஓட்டுகிற பெரிய டிராக்டர் எல்லாமே நான்கு சக்கர உழவு இயந்திரம், முன் சக்கரத்துக்கு விசை போனாலும் போகாவிட்டாலும். ஆகவே ஆசிரியர் ஐயா "நான்கு சக்கர" என்று தொடங்கினால் ஈழத்தில் அதற்கு வேறு பொருள் ஆகிவிடும். கையேட்டை இணையத்தில் போடுவீர்கள், அங்கேயும் படிப்பார்கள். என் ஓட்டு முன்னிழுவைக்கு.

கொளத்தூரிலிருந்து, புதன் மாலை

இழுவை என்று டிராக்டரையே சிலர் எழுதுகிறார்கள், இழுவைப் படகு என்றால் துறைமுகத்தில் கப்பலை இழுக்கிற படகு. இன்னும் ஒரு இழுவை எதற்கு? அச்சை வைத்து எண்ணினால் இலக்கணமும் ஒத்துவரும். ஒன்று, இரண்டு என்பவை உயிருக்கு முன்னால் ஓர், ஈர் ஆகும். விசை ஓர் அச்சுக்குப் போனால் ஓரச்சு, இரண்டுக்கும் போனால் ஈரச்சு. ஓரச்சு டிராக்டர், ஈரச்சு டிராக்டர். நான்கே எழுத்தில் முடிகிறது. உந்து வேண்டுமென்றால் பின்னுந்து, முழுவுந்து என்றும் வைக்கலாம்.

இயக்கம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கணினியில் இயக்கி, கட்சியில் இயக்கம், எந்திரத்திலும் இயக்கம் என்றால் அந்தச் சொல் எத்தனை சுமையைத்தான் தாங்கும்? முடுக்கம் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், பள்ளி இயற்பியலில் அது வேகம் கூடுவதற்குப் போய்விட்டது.

திருவொற்றியூரிலிருந்து, புதன் மாலை

ஈரச்சு என்று காதில் விழுந்தால் ஈரமாகிவிட்ட அச்சு என்றுதான் கேட்கிறது, அதுவும் சேற்றில் ஓடுகிற வண்டிக்கு. ஓரச்சு ஓரமாகப் போகிற அச்சு. பேருந்து, சிற்றுந்து, மகிழுந்து என்று உந்து வண்டியாகவே ஆகிவிட்டது, பின்னுந்து என்றால் பின்னால் வருகிற பஸ். வாயால் சொல்லிப் பாருங்கள், எழுதிப் பார்த்தால் போதாது.

ராயபுரத்திலிருந்து, புதன் மாலை

அச்சு என்பதே அட்சத்தின் திரிபு என்று சொல்கிறவர்கள் உண்டு, கொளத்தூர் நண்பர் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் அப்படி நினைக்கவில்லை. "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்று வள்ளுவர் வண்டியோடு சேர்த்துச் சொல்லும்போது அது உழவன் வீட்டுச் சொல்லாகத்தான் ஒலிக்கிறது. அச்சாணியும் குறளில் இருக்கிறது, "உருள்பெருந்தேர்க்கு அச்சாணி". அதே உருளை எடுத்து நாலுருள் என்றும் வைக்கலாம்.

பெரம்பூரிலிருந்து, புதன் இரவு

சொல் எதுவானாலும் சரி, நான்கும் இழுக்கும் என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள். ஒரே அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற டிஃபரன்ஷியல் லாக் போடாதவரை வழுக்குகிற சக்கரத்துக்குத்தான் சுற்று போகும். குப்பத்தில் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து சுற்றியதால் அங்கே லாக்கும் உதவியிருக்காது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் புதைந்தால் டூ வீல் வண்டியையே லாக் போட்டு வெளியே கொண்டுவந்துவிடலாம்.

வாங்குகிறவருக்கு நான் சொல்வது இது. டிப்பர் கட்டி மணல், செங்கல், நெல் மூட்டை ஏற்றி ரோட்டிலேயே ஓடுகிற வண்டிக்கு ஃபோர் வீல் வேண்டாம். விலை அதிகம், முன் ஆக்ஸிலில் பல்லும் ஆயில் சீலும் கூடுதல், எடையும் கூடுதல், திரும்புவதற்கு இடமும் அதிகம் கேட்கும். சின்ன வயல், நாலு பக்கமும் வரப்பு என்றால் அந்தத் திருப்பம் ஒவ்வொரு சாலிலும் கை வலிக்க வைக்கும். நடவுக்குச் சேறு கலக்கிச் சேடை ஓட்டுகிறவர், மழை முடிந்த கையோடு ஈரத்தில் இறங்குகிறவர், மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரோடு முன்பக்கம் மண் அள்ளுகிற லோடரும் போடுகிறவர், இவர்களுக்கு ஃபோர் வீல். டூ வீல் வண்டியிலும் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டிச் சேடை ஓட்டலாம், காலம் காலமாக ஓட்டுகிறார்கள். ஆனால் முன் சக்கரம் சேற்றில் உருளாமல் உழுதுகொண்டே போகும், ஓட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் பிரேக்கை மிதித்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும்.

வியாசர்பாடியிலிருந்து, புதன் நள்ளிரவு

ஐயா, நீங்கள் கடைசியாக எழுதிய பத்தியை அப்படியே ஏழாம் பக்கத்தில் போடுகிறேன், அனுமதி கொடுங்கள்.

இன்று வகுப்பில் எல்லாச் சொற்களையும் பலகையில் எழுதிக் கேட்டேன். சேமவச்சுக் கதையைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்டார்கள், சொல்லை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. முன்னிழுவை என்றதும் பொன்னேரிப் பையன் ஒருவன், முன்னாடி கயிறு கட்டி இழுக்கிறதா சார் என்று கேட்டான். ஈரச்சுக்குக் கை தூக்கியவர் ஒருவர். பவர் டில்லர் வரைந்த பையன்தான் வழி காட்டினான். "பின் சக்கரத்துக்கு மட்டும் போகுதுன்னா பின்சக்கர இயக்கம்னே எழுதலாமே சார், ரெண்டுன்னு ஏன் சொல்லணும்" என்றான். மூன்று நாளாக இரண்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நாம்தான் தொங்கியிருக்கிறோம்.

ஆகவே டூ வீலுக்குப் பின்சக்கர இயக்கம், இதில் குழுவில் எல்லோரும் ஒத்துப்போவீர்கள் என்று நம்புகிறேன். ஃபோர் வீலுக்கு நான்கு சக்கர இயக்கம் என்றே போடுகிறேன், இரவு வரை வந்த மடல்களில் ஐந்து பேர் அதற்குச் சரி என்றிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் தூக்கம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். போடுவதற்கும் எடுப்பதற்கும் வருகிற இடத்தில் மட்டும் ஃபோர் வீல் என்றே விட்டுவிடுகிறேன், லிவரைப் பிடிக்கிற நேரத்தில் பிள்ளைகள் அதைத்தான் சொல்லப்போகிறார்கள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து, வியாழன் காலை

பின்சக்கர இயக்கம் நல்ல சொல், மகிழ்ச்சி. நான்கு சக்கர இயக்கத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. பின்சக்கர இயக்கம் என்று வைத்துவிட்டால் மற்றது எல்லாச்சக்கர இயக்கம் ஆக வேண்டும், அப்போது எண்ணும் போய்விடும், எங்கட ஊர்க் குழப்பமும் போய்விடும். அச்சகத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை என்றால் ஒரு சொல்தான், மாற்றிவிடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து, வியாழன் மாலை

தம்பி, உங்கள் மடலைப் பார்க்கும்போது அச்சகத்தில் அச்சுத் தகடு போட்டுவிட்டார்கள். நீங்கள் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. இணையத்தில் ஏற்றுகிற படியில் எல்லாச்சக்கர இயக்கம் என்று மாற்றுகிறேன், தாளில் நான்கு சக்கரம் இருக்கும்.

ராயபுரத்திலிருந்து, வியாழன் இரவு

அப்படியானால் இணையப் படியில் முன் அச்சு வருகிற இடத்தில் ஒரே ஒரு முறை, அடைப்புக்குள்ளாவது, சேமவச்சு என்று சேருங்கள். திருவொற்றியூர் அம்மா சொன்ன ஸ்டெப்னி வாதம் சரிதான், மறுக்கவில்லை. இருந்தும் கேட்கிறேன்.